வடியாத தண்ணீர்

அத்தியாயம் ஆறு

டென்னிஸ் ஸ்கட் பதினேழு வருஷம் சாக்கடை அடைப்பு எடுத்தவன். நாரிச் நகரத்தில் அவன் கையை நுழைக்காத குழாய் கிடையாது. அப்பேர்ப்பட்டவனே ஸ்டோக் மார்லிங் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான் என்றால், உள்ளே இருந்த நாற்றத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

“மேடம், இந்த வேலையிலேருந்து தப்பிக்கத்தான் உங்ககிட்ட வந்து சேர்ந்தேன்” என்றான்.

வினிஃப்ரெட் குவேல் உள்ளே போகும்படி கையை மட்டும் காட்டினாள். துப்பறிவதே பிழைப்பாக இருபது வருஷம் ஓட்டிவிட்ட அந்த அம்மாள், தேவையில்லாமல் வாயைத் திறந்து நாற்றத்தை உள்ளே விடுகிற ஆள் இல்லை.

அன்று காலையில்தான் மேபல் தர்ட்டில் என்கிற எழுபத்து மூன்று வயதுக்காரி ஒரு கூடை முட்டையோடு பஸ் ஏறி வந்து, கூடையை அவர்கள் மேஜைமேல் வைத்தாள். நாற்பத்தொரு வருஷமாக இந்தக் கோயிலைப் பெருக்கி, மணியடித்து, ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வருகிறவள். கோயில் வாசலை ஒட்டிய சின்ன வீடு அந்த வேலையோடு சேர்ந்தது. ஏதும் திருட்டுப் போனதாகவோ யாரும் காணாமல் போனதாகவோ அவள் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எனக்கு மூளை கலங்கிடுச்சான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்மா. கலங்கிடுச்சுன்னா கலங்கிடுச்சுன்னே சொல்லிடுங்க. ஆனா இன்னிக்கு ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க.”

ஆறு மணிக்குக் கோயில் குழு கூடுகிறது. மேபலுக்கு மூளை மழுங்கிவிட்டது, அவளை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டை விற்றுவிடலாம் என்று கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்கிற வார்டன் மேஜர் ஹெவிங் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு அவர் காட்டிய சாட்சிதான் இந்த நாற்றம். மே மாதம் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. அந்தத் தண்ணீரை மேபல் தொட்டியிலிருந்து வெளியேற்றாமல் மூடியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்கிறார். மேபலோ, வடிய விட்டேன் என்று சத்தியம் செய்கிறாள். அந்த வருஷம் மழையே இல்லை. மூன்று மாதக் கோடை முழுக்கத் தண்ணீர் உள்ளேயே கிடந்து புழுங்கியிருக்கிறது. போன வாரம் மூடியைத் தூக்கியபோது பாதிரியாரின் மனைவி அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

பாதிரியார் ஓக்ஸ் கப்பிக் கயிற்றை இழுத்தார். கோபுரம் மாதிரி இருந்த மர மூடி மேலே போயிற்று. எண்ணூறு வருஷத்துக் கல்தொட்டி. சுற்றிலும் நாலு சிங்கம். உள்ளே பச்சைக் கஞ்சி மாதிரி ஒன்று ஏடு கட்டிக் கிடந்தது. அதில் ஒரு வௌவால் இறக்கையை விரித்து மிதந்தது.

“அதுக்கும் ஞானஸ்நானம் ஆயிடுச்சு போல” என்றான் டென்னிஸ்.

பாதிரியார் கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார். இந்த ஞாயிற்றுக்கிழமை மேஜருடைய பேரனுக்கு ஞானஸ்நானம் என்றும், நல்லவேளையாக மேஜர் மே மாதமே தன் வீட்டு வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார் என்றும், அதனால் காரியம் தடைப்படாது என்றும் சொன்னார்.

“மே மாசமேவா?” என்று கேட்டாள் குவேல்.

ஆமாம், இந்தத் தொட்டியில் கடைசியாக நடந்த ஞானஸ்நானத்துக்கு மறுநாளே சொல்லிவிட்டார் என்றார் பாதிரியார். அந்தக் குழந்தை கிரிக்மோர் என்பவனுடைய மகள் என்றும், அவன் மேஜரின் பன்றிகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்றும் கூடவே சொன்னார். குவேல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, டென்னிஸிடம் வாளியைக் காட்டினாள்.

அவனுக்கு வேறு வழியில்லை. சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு மொண்டான். வாளி வாளியாகக் கொண்டுபோய்ப் புல்லில் கொட்டினான். அடியில் வண்டல் வழுவழுவென்று விரலுக்கிடையில் ஏறியது. ஒரு சாக்கடைக்காவது ஒரு நேர்மை உண்டு, அது தன்னைச் சாக்கடை என்றுதான் சொல்லிக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டான். கடைசியில் அடியைத் தடவிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“மேடம், ஓட்டை இருக்கு. ஆனா ஓட்டை இல்ல.”

“ஒழுங்கா சொல்லு.”

“விரல் அளவுக்குக் குழி இறங்குது. அதுக்குக் கீழே சிமெண்டு. நல்லா இறுகின பழைய சிமெண்டு. இதுல தண்ணி எப்படி வடியும்? நான் பொறந்த வருஷம் ஊத்தியிருந்தாலும் இங்கேயேதான் நிக்கும்.”

மேபல் தூணோரம் நின்று ஏப்ரன் பைக்குள் கையை விட்டபடி இருந்தாள். குவேல் கேட்டதும் பைக்குள்ளிருந்து ஒரு கருவாலி மரக் கட்டையை எடுத்தாள். தொட்டியின் ஓட்டையை அடைக்கிற கட்டை. ஊர்ப் பிள்ளைகள் தூக்கிப்போய் விளையாடுகிறார்கள் என்று வந்த நாளிலிருந்து அதைத் தன் பையிலேயே வைத்திருப்பவள். கட்டையைச் சுற்றி ஒரு பழைய பனியன் துணி கட்டியிருந்தது. அதைக் காட்ட அவளுக்கு வெட்கமாக இருந்தது. மே மாதம் கட்டை திடீரென்று ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடியதாம். செத்துப்போன புருஷனின் பனியனைக் கிழித்துச் சுற்றித்தான் தண்ணீரை நிறுத்தினாளாம். மரம் சிறுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம்.

குவேல் துணியை அவிழ்த்துவிட்டுக் கட்டையைக் குழியில் வைத்தாள். கட்டையின் பெரிய முனையே குழிக்குள் தாராளமாகப் போய்வந்தது.

“இந்த அளவுக்கு என் சம்பளம்கூட சிறுத்ததில்ல” என்றான் டென்னிஸ்.

“எதை எடுத்தாலும் எனக்குத்தான் மாறித் தெரியுதும்மா” என்றாள் மேபல். குரல் இறங்கிவிட்டது. “இந்தச் சிங்கம்கூட. அதோ அந்த மூலைச் சிங்கம் நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கும். தினம் துடைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? இப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கு. மே மாசம் அதைச் சொன்னேன். பாதிரியார் ஐயா என் தோளைத் தட்டிக்கொடுத்தாரு. மேஜர் ஐயா நோட்டுல எழுதிக்கிட்டாரு.”

பாதிரியார் தரையைப் பார்த்தார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, தொட்டியின் விளிம்பைத் தொட்டுக் காட்டி, எண்ணூறு வருஷமாகத் தாய்மார்களின் கை பட்டுத் தேய்ந்த கல் இது என்று பெருமையாகச் சொன்னார்.

குவேல் அந்த விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள். “கை பட்டா வழவழன்னு ஆகும். இது பள்ளம் பள்ளமா இருக்கே. தாய்மாருங்க இதைக் கடிச்சாங்களா, ஐயா?”

பாதிரியார் குனிந்து விளிம்பைப் பார்ப்பதற்குள் மேஜர் ஹெவிங் உள்ளே வந்தார். மழமழவென்று பாலிஷ் போட்ட காலணி, வாசனை போட்ட கைக்குட்டை. மேபல் மூன்றடி தூரத்தில் நிற்க, அவள் அங்கே இல்லாதது போலவே பேசினார். பாவம், வயசாகிவிட்டது, அவளுக்கு நல்லதைத்தான் செய்கிறோம் என்றார். துப்பறிகிற அம்மாளுக்கு முட்டையைச் சம்பளமாகக் கொடுக்கிறவளுக்கு மூளை மழுங்கிவிட்டது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும் என்று சிரித்தார்.

குவேலும் கூடச் சிரித்தாள். பிறகு சும்மா கேட்பது போலக் கேட்டாள். “ஞானஸ்நானம் முடிஞ்சதும் தண்ணி எங்கே போகும், மேஜர்?”

“எங்கே போகும்? கிழவி கிண்ணத்தால மொண்டு வெளியே ஊத்துவா. இந்தத் தடவை மறந்துட்டா. அவ்வளவுதானே விஷயம்.”

மேபல் வாயைத் திறந்தாள். குவேல் கண்ணைக் காட்டவும் மூடிக்கொண்டாள். மேஜர் கூட்டத்தில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மேபலுக்கு மூச்சு வந்தது. அந்தத் தண்ணீரை ஒருநாளும் மொண்டு ஊற்றியதில்லை என்றாள். ஆசீர்வதித்த தண்ணீரை அப்படிக் கொட்டக்கூடாது. கட்டையை உருவினால் அது கல்லுக்குள்ளேயே இறங்கி, தொட்டிக்கு அடியில் இருக்கும் மண்ணுக்குப் போய்விடும். சொட்டுச் சொட்டாக விடியவிடிய இறங்கும். அதனால் கட்டையை உருவிவிட்டு, மூடியை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாளாம். நாற்பத்தொரு வருஷமாக அதுதான் பழக்கம். இந்த மே மாதமும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

“வார்டன் வேலை பார்த்து முப்பது வருஷம் ஆச்சு. ஞானத்தகப்பனா இதே இடத்துல எத்தனை தடவை நின்னிருப்பாரு” என்றாள் மேபல்.

“தண்ணி எங்கே போகுதுன்னு தெரியாதவங்கதான் ஊர்ல பாதிப் பேரு, பாட்டியம்மா” என்றான் டென்னிஸ். “அவங்க தயவுலதான் நான் பதினேழு வருஷம் சாப்பிட்டேன்.”

குவேல் அதற்குள் தரையைப் பார்த்தபடி வடக்குச் சுவர்வரை நடந்திருந்தாள். பாயைக் காலால் தள்ளினாள். கல்தரையில் வெள்ளைக் கீறல்கள் இரண்டு, தண்டவாளம் மாதிரி நேராக வடக்கு வாசலுக்குப் போயின. அந்த வாசலை ஞானஸ்நானத்தின்போது மட்டும்தான் திறப்பார்கள். குழந்தையை விட்டுப் போகும் பிசாசு அந்த வழியாக வெளியேறவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். மற்ற நாளில் தோள் கொடுத்து இடித்தாலும் அந்தக் கதவு அசையாது என்றார் பாதிரியார். குவேல் ஒரு விரலால் தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

டென்னிஸ் கீலைத் தொட்டு முகர்ந்தான். “எண்ணெய் இல்ல. பன்றிக் கொழுப்பு. ஒரு முடிகூட ஒட்டிக்கிட்டு இருக்கு.”

ஏப்ரலில் கூரை மரத்துக்கு வண்டு மருந்து அடிக்கவேண்டும் என்று மூன்று வாரம் கோயிலை மூடியிருக்கிறார்கள். அந்த மூன்று வாரமும் சாவி மேஜரிடம்தான் இருந்தது. வடக்கு வாசலுக்கு நேர் எதிரே இருப்பது மேஜருடைய பன்றிக் கொல்லை.

“பிசாசு போற வழியிலேயே தொட்டியும் போயிருக்கு” என்றாள் குவேல். பாதிரியாரை ஓடிப்போய்ப் போலீசுக்கு போன் பண்ணச் சொன்னாள். டென்னிஸையும் மேபலையும் கூட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கினாள்.

வேலியோரம் கிரிக்மோர் தீனி வாளியோடு நின்றான். கோயில் பக்கம் இருக்கும் பழைய கொட்டிலைப் பற்றிக் கேட்டதும் அவனுக்கே அது ஒரு புதிராக இருந்தது. ஏப்ரலிலிருந்து அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று மேஜர் சொல்லிவிட்டாராம். அங்கே இருக்கும் தாய்ப்பன்றிக்கு அவரே தீனி வைக்கிறாராம். “அவரு கை வாளியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லைங்க. முதலாளிக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்” என்றான். என்ன நடக்கிறதென்று பார்க்க அவனும் பின்னாலேயே வந்தான்.

கொட்டிலைப் பற்றி அதிகம் சொல்லாமல் விட்டால் உங்களுக்கும் நல்லது. வெயிலில் வெந்த சாணி. புளித்த மோரும் உருளைக்கிழங்குத் தோலும் கலந்த தீனி. அதன்மேல் கறுப்பாக ஈ. சுவரோரமாக, மேலெல்லாம் சாணி அப்பிய ஒரு கல்தொட்டிக்குள் தாய்ப்பன்றி தலையை விட்டிருந்தது. கோயில் நாற்றமே தேவலை என்று டென்னிஸுக்குத் தோன்றியது. குவேல் மட்டும் தொட்டிக்கு அடியில் பார்த்தாள். ஊரெல்லாம் வெடித்துக் கிடக்கிற கோடையில் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஈரச் சேறு.

“ஒழுகுது” என்றாள்.

“ஒழுகட்டுமே” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மேஜர் மூச்சிரைக்க வந்து நின்றார், ஆனால் முகத்தில் பயம் இல்லை. “இது எங்க தாத்தா காலத்துத் தொட்டி, மிஸ் குவேல். இந்த ஜில்லாவுல பாதிப் பன்றிங்க பழைய கோயில் தொட்டியிலதான் தின்னுது. நம்பிக்கை இல்லைன்னா கிழவியையே கேளுங்க. பொய் சொல்லமாட்டா.”

எல்லோரும் மேபலைப் பார்த்தார்கள். அவள் ஏப்ரனைப் பிசைந்தாள்.

“ஆமாம்மா. நான் சின்னப் பொண்ணா இருக்கறப்பவே இங்கே ஒரு கல்தொட்டி கிடந்துச்சு. நெதர்டன் ஊர்க் கோயில் இடிஞ்சு விழுந்தப்ப இவரு தாத்தா பெரியவரு வண்டியில ஏத்திக்கிட்டு வந்தது. இந்தக் கொட்டில்லதான் எப்பவும் கிடக்கும்.”

தேடி வந்த தடயத்தைத் தேடச் சொன்னவளே அடித்து வீழ்த்திவிட்டாள். மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவங்க சொல்றது உண்மைதான்” என்றாள் குவேல். “இங்கே எப்பவும் ஒரு தொட்டி இருந்துச்சு. நெதர்டன் தொட்டி. அதே கொத்தன் செதுக்கின அதே நாலு சிங்கம். பன்றிங்க எழுபது வருஷமா அதோட விளிம்பைக் கடிச்சுப் பள்ளமாக்கியிருக்கு. தீனி ஒழுகாம இருக்க உங்க தாத்தா ஓட்டையில சிமெண்டு ஊத்தியிருக்காரு. அந்தத் தொட்டி இங்கேதான் இருக்குன்னா, மேஜர், அப்போ கோயில்ல இருக்கிறது எது?”

பன்றி சவக்சவக்கென்று தின்றுகொண்டிருந்தது. டென்னிஸ் தன் வலது கையைப் பார்த்தான். தோள்வரை விட்டுத் துழாவிய கை. அது பன்றித் தொட்டி. கோயில் நடுவில், கோபுர மூடிக்கடியில், பன்றித் தொட்டி. அதில்தான் ஒரு பச்சைக் குழந்தையின் தலையை நனைத்திருக்கிறார்கள்.

“பேச்சுக்கு வேணா நல்லா இருக்கு. அத்தாட்சி?” என்றார் மேஜர்.

“எல்லாத்தையும் மாத்தினீங்க. ஒண்ணை விட்டுட்டீங்க. அப்படி ஒண்ணு இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது.” குவேல் மேபலின் பக்கம் திரும்பினாள். “கட்டையை எடுங்க.”

டென்னிஸ் பன்றியைத் தோளால் தள்ளினான். அது அவன் கால்சட்டையில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் விலகியது. தீனியை இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டான். அடியில் ஓட்டைக்குள் யாரோ கோணித்துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். பிடுங்கினான். மிச்சம் இருந்த மோர் அவன் காலணிமேல் ஒழுகியது. இது ஓட்டை. குழி இல்லை.

மேபல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சாணிக்குள் இறங்கி வந்தாள். பையிலிருந்து கட்டையை எடுத்து, கூட வந்த துணியைத் தூரப் போட்டாள். கட்டையை ஏப்ரனில் துடைத்தாள். குனிந்து, பார்க்கக்கூட இல்லாமல், கட்டையை ஓட்டையில் வைத்து இடது பக்கமாக அரைத் திருப்புத் திருப்பினாள். நாற்பத்தொரு வருஷமாகத் திருப்பிய அதே கை. கட்டை டக்கென்று உட்கார்ந்தது. டென்னிஸ் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். ஒரு சொட்டு இறங்கவில்லை.

மேபல் மூலைக்குப் போய், சாணி அப்பிக் கிடந்த சிங்கத்தின் முகத்தை ஏப்ரன் நுனியால் துடைத்தாள். நாக்கு வெளியே வந்தது.

“இவன்தான்” என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

மேஜருக்குக் கோபம் வந்தது. பிடிபட்டவனுக்கு வரும் கோபம். கோயில் தொட்டியை அமெரிக்காக்காரன் ஒருவன் கேட்டிருக்கிறான், சனிக்கிழமை லாரி வருகிறது, பன்றி கடித்த தொட்டியை அவன் வாங்கமாட்டான், இந்த ஊரில் எவனாவது அந்தச் சிங்கங்களை ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்ததுண்டா என்று கொட்டித் தீர்த்தார். ஒருத்திதான் பார்த்தாள், அவளைத்தான் பைத்தியமாக்கப் பார்த்திருக்கிறார் என்று டென்னிஸ் நினைத்தான். காறித் துப்பவேண்டும் போலிருந்தது. துப்பினாலும் அந்த இடத்தில் தெரியாது.

“என்ன பெரிய குத்தம்?” என்றார் மேஜர். “கல்லு கல்லுதானே. தண்ணி தண்ணிதானே. அந்தக் குழந்தைக்கு என்ன கெட்டுப்போச்சு?”

மேபல் நிமிர்ந்தாள். அவரை நேராகப் பார்த்து அவள் பேசியதை டென்னிஸ் அப்போதுதான் முதல்தடவையாகக் கேட்டான்.

“ஒண்ணும் கெடலைன்னா, உங்க பேரனுக்கு மட்டும் எதுக்கு மேஜர் ஐயா வெள்ளிக் கிண்ணம்?”

மேஜர் வாசனைக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

கிரிக்மோர் இத்தனை நேரமும் கதவருகே வாளியோடு நின்றிருந்தான். அது எந்தக் குழந்தை என்பது அவனுக்கு மெதுவாகத்தான் ஏறியது. ஏறியதும் வாளியைக் கீழே வைத்தான். மேஜரை அவன் தொடவில்லை. திட்டவும் இல்லை. மற்ற மூன்று பேரும் வெளியே வரட்டும் என்று ஒதுங்கி நின்றான். பிறகு கொட்டில் கதவைச் சாத்தி, வெளியே கொண்டியைப் போட்டு, அதில் சாய்ந்துகொண்டான். மேஜர் திறடா என்றார். கிரிக்மோர் ரோட்டைப் பார்த்தான், போலீஸ் வரட்டும் என்பதுபோல. உள்ளே பன்றி பாலிஷ் போட்ட காலணியை முகர ஆரம்பித்திருந்தது.

குவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லணுமே, திருமதி தர்ட்டில். இல்லை. இந்த ஊர்ல உங்க ஒருத்திக்குத்தான் மூளை ஒழுங்கா இருக்கு.”

மேபல் அதற்குத் தலையாட்டினாள், அவ்வளவுதான். கொட்டில் சுவருக்கு மேலாகக் கையை எட்டித் தொட்டிக்குள் விட்டுக் கட்டையை உருவி, பைக்குள் போட்டுக்கொண்டாள். தண்ணீர் அடிவழியாகச் சொட்டுச் சொட்டாகச் சேற்றில் இறங்க ஆரம்பித்தது. மேஜர் அதை, வாழ்க்கையில் முதல்தடவையாக, குனிந்து பார்த்தார்.

“இப்படித்தான் வடியும்” என்றாள் மேபல் அவரிடம். “விடிய விடிய ஆகும்.”

பிறகு, ஆறு மணிக் கூட்டத்துக்கு மணி அடிக்கவேண்டும், நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, பன்றிக் கொல்லையின் குறுக்கே கோயிலைப் பார்த்து நடந்தாள்.